கை வைக்காமல் ஓடுகிற பிரிண்டர்

"இதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவன் வயரைப் பிடுங்கினான்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். அவர் மேசைமேல் ஏற்றி இறக்கிய லேசர் பிரிண்டர்களில் ஒன்று, மனைவியின் மடிக்கணினியைக் கண்டதுமே ஊமையாகிவிட்டது. இன்னொன்று ஏதோ ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி அடம்பிடித்தது. அடுத்தது அச்சடித்தது, ஆனால் தமிழ் எழுத்தையெல்லாம் கட்டம் கட்டமாகத் துப்பியது.

"மேடம், பேசாம விண்டோஸ் போட்டுக்கோங்க. லினக்ஸை வச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு?"

"எனக்கு இதுதான் பழகிப்போச்சு" என்றாள் அவள்.

பழக்கியவன் அவன்தான். கல்யாணமான புதிதில் ஏற்றிக் கொடுத்தது.

அவள் வீட்டிலிருந்தே நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பவள். அங்கே எல்லாம் தாளில் வேண்டும், கேட்ட நேரத்தில் வேண்டும். வீட்டிலிருந்த பழைய பிரிண்டரோ, கணினியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் முரண்டு பிடிக்கும். "ஏங்க, மறுபடி மக்கர் பண்ணுது" என்று குரல் கொடுப்பாள். சட்டையில் பாதிக் கையை நுழைத்தபடியே ஓடிவந்து, கறுப்புத் திரையில் நாலு வரி தட்டுவான். ஓடிவிடும்.

என்ன தட்டினான் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கூப்பிடுவது அவனுக்குப் பிடித்திருந்தது.

இன்று அவனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுக்கடுக்காகப் பெட்டிகளைப் புரட்டிப் பொடி எழுத்துகளைப் படித்தான். கடைசியில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் பிரிண்டரை இழுத்து வந்தான். மேசைமேல் வைத்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீயே மாட்டு."

மாட்டினாள். திரையில் பிரிண்டரின் பெயர் தானாக முளைத்தது. எதையும் இறக்கச் சொல்லவில்லை. தாள் சூடாக வந்து விழுந்தது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"கழட்டு. அணைச்சுட்டு மறுபடி மாட்டு."

"எத்தனை வாட்டிங்க? அதான் வருதே!"

"ஒரே ஒரு தடவை. வயர் இல்லாம, வைஃபைல."

அதிலும் வந்தது. கடைக்காரர் பிரிண்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு இனி யார் கையும் வேண்டாம்.

பெட்டியைக் காரின் பின் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினான். அவள் வண்டியைக் கிளப்பி, முன்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க. போற வழியில இறக்கி விட்டுடறேன்."

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் கொஞ்சம் தயங்கி, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க குடிபோற வீடு எந்தத் தெருவுல?"

அவன் தன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று மனைவிக்கு வழி சொல்லத் தொடங்கினான்.