ஒரு பேருக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

"கடைசிக் கேள்வி, அஷூர். இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டா அந்த ஃப்ரிட்ஜ் உனக்கு!"

ஷவ்கி கை நீட்டிய பக்கம் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று சிவப்பு ரிப்பனோடு நின்றது.

அஷூர் கெய்ரோவை ஒட்டிய இம்பாபாவில் ஆட்டோ ஓட்டுகிறவன். மகள் கல்யாணம் ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டுச் சீரில் மற்றதெல்லாம் சேர்ந்தாயிற்று, ஃப்ரிட்ஜ்தான் பாக்கி. அது வராமல் தேதி குறிக்க முடியாது என்று மாப்பிள்ளையின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஷவ்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரேடியோவில் வானிலை வாசித்தவர், இந்த டிவி போட்டியை நடத்த வந்து பதினேழு வருஷம் ஆகிறது. அவர் வருகிற நேரத்தில் கெய்ரோ காபிக் கடைகளில் சேனலை மாற்றினால் அடிதடிதான்.

"ரொம்ப சுலபமான கேள்வி. உங்க அம்மா பேர் என்ன?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அஷூரின் முகம் வெளுத்துவிட்டது.

"உஸ்தாத், வேற கேளுங்களேன். கஷ்டமாவே கேளுங்க."

"இதைவிடச் சுலபமா எவன் கேப்பான்? முப்பது விநாடி. சொல்லு."

"அஷூரோட அம்மா."

"அட, உன் அம்மா அஷூரோட அம்மாதான். அவங்க பேரைச் சொல்லுப்பா."

"அம்மா பேரை எந்த ஆம்பளையாவது வெளிய சொல்வானா? டிவியில சொன்னா நாளைக்குத் தெருப் பசங்க அந்தப் பேரைக் கத்திக்கிட்டு என் ஆட்டோ பின்னாடியே ஓடி வருவானுங்க. பள்ளிக்கூடத்துல இதுக்காகவே ரெண்டு பேர் மண்டையை உடைச்சவன் உஸ்தாத் நான்!"

முன் வரிசையிலிருந்து அவன் மனைவி எழுந்துவிட்டாள்.

"சொல்லித் தொலைங்களேன்! இல்லன்னா நான் சொல்லட்டுமா?"

"அதுக்கு விதியில இடமில்லம்மா. பத்து விநாடி, அஷூர். பொண்ணு கல்யாணம்பா!"

அஷூர், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

மணி அடித்தது. இரண்டு ஆட்கள் வந்து ஃப்ரிட்ஜை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷவ்கி காமிராவைப் பார்த்துத் திரும்பினார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பெத்தவ பேரைச் சொல்றதுல என்ன வெட்கம்? கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரைக்கூடப் போடாம 'இன்னார் மகள்'னு அடிக்கிறோம். வயித்துல சுமந்தவளுக்குன்னு ஒரு பேர் கிடையாதா? அதைச் சொன்னா நம்ம மீசை கீழ விழுந்துடுமா?"

அரங்கமே எழுந்து கைதட்டியது. அஷூரின் மனைவியும் தட்டினாள், கணவனை முறைத்துக்கொண்டே.

நிகழ்ச்சி முடிந்து ஷவ்கி வெளியே வந்தபோது கார் பக்கத்தில் அஷூர் காத்திருந்தான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று காவலாளிகள் இரண்டு பேரும் நெருங்கி வந்தார்கள்.

அஷூர் ஷவ்கியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உஸ்தாத், நீங்க சொன்னதுதான் நியாயம். புத்தி வந்துச்சு. எங்கம்மா பேர் தவ்ஹீதா!" சுற்றி நின்றவர்களைப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னான். "தவ்ஹீதா! கேட்டுக்குங்க எல்லாரும்!"

"சபாஷ்! அங்கேயே சொல்லியிருக்கலாமேப்பா."

"ஃப்ரிட்ஜ் போனா போகுது, உஸ்தாத். வெள்ளிக்கிழமை தொழுகையில உங்க அம்மாவுக்கு துஆ செய்யணும்னு நினைக்கிறேன். எப்படிப்பட்ட பிள்ளையைப் பெத்திருக்காங்க! எங்க பக்கம் அல்லாஹ்கிட்ட பேரைச் சொல்லித்தான் கேப்போம். அவங்க பேர் என்ன?"

ஷவ்கி டிரைவரைப் பார்த்தார். காவலாளிகளைப் பார்த்தார். செல்ஃபிக்காகக் காத்திருந்த நாலைந்து இளைஞர்களில் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

அஷூரின் காதருகே குனிந்தார்.

"பேரெல்லாம் எதுக்குப்பா? யாரோட அம்மான்னு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"