வடிதாளில் ஏறும் நீலம்

"ஏம்மா, ஒரு கலருக்குள்ள இன்னொரு கலரு ஒளிஞ்சிருக்குமா?" மழையில் நனைந்த தன் படத்தைக் காட்டி மகள் ஒருநாள் கேட்டாள். வீரபாண்டிச் சாயப்பட்டறையின் ஆய்வகத்தில், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அதே கேள்வியோடு இந்துமதி தனியே நிற்கிறாள். நீலமாக வரவேண்டிய துணி முழுவதும் ஊதாவாகி வெளியே கிடக்கிறது. "செவப்பு அள்ளுன கரண்டியக் கழுவாம நீல டிரம்முல உட்டிருக்கறீங்க. இன்னியோட நின்னுக்கங்க," என்று சாயம் நிறுக்கும் மயிலாத்தாளிடம் மேனேஜர் சசிகுமார் சொல்லிவிட்டார். "கழுவித்தானுங்க உட்டேன்," என்றாள் அவள், ஒரே தடவை. போன வருடம் இந்துமதி உடைத்த கண்ணாடிக் குடுவைக்கு, "நாந்தானுங்க தட்டி உட்டுட்டேன்" என்று பழியை ஏற்றுக்கொண்டவளும் அவளே.

வடிதாளில் இரண்டு நீலப் பொட்டுகள் இருக்கின்றன. ஒன்று மயிலாத்தாள் அள்ளிய டிரம்மிலிருந்து. மற்றது, கரண்டியே படாமல் இப்போதுதான் சீல் உடைத்த டிரம்மிலிருந்து. தாளின் அடிநுனி கண்ணாடிக் குடுவையிலுள்ள கரைசலைத் தொடுகிறது. ஈரம் மெல்ல ஏறுகிறது. தாளை இறுகப் பற்றும் சாயம் பின்தங்கும். பற்றாத சாயம் ஈரத்தோடு முன்னே ஓடும். முதல் பொட்டிலிருந்து சிவப்பு பிரிந்து மேலே போகிறது. இரண்டாவது நீலமாகவே நிற்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. "முருகா," என்கின்றன அவள் உதடுகள். அந்த இரண்டாவது நீலத்தின் தலைமாட்டிலும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு கசிகிறது, பிறகு சிவக்கிறது. சிவப்பு கரண்டியில் வந்ததல்ல, டிரம்மோடு வந்ததுதான்.

தாளை உலர்த்தி, இரண்டு டிரம் எண்களையும், இரண்டாவதன் பக்கத்தில் 'இப்போது சீல் உடைத்தது' என்றும் எழுதி, ஆளில்லாத மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வருகிறாள். தன் பெயரை மட்டும் எழுதவில்லை. சாப்பாட்டு நேரம் முடியும் மணி அடிப்பதற்குள் கண்ணாடிக் குடுவையை இரு கைகளாலும் பிடித்துக் கழுவிக் கவிழ்க்கிறாள்.