பூப் பொட்டலம்

"சாமியே இல்லைங்கறவனுக்குப் புள்ளையக் குடுத்துப்போட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் பழனிக்குக் காவடி எடுக்கறது?" என்றார் சென்னிமலை.

கருமத்தம்பட்டியில் இருபத்து நாலு தறி ஓட்டுகிறவர். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்தே போகிறவர். அவர் சத்தம் போட்டால் தறிச் சத்தமே கேட்காது என்று மனைவி நாச்சியம்மாள் கேலி செய்வாள். இன்றைக்குக் கேலி செய்யும் நிலைமையில் அவள் இல்லை.

விஷயம், மகள் லோகப்பிரியாவின் கல்யாணம். பையன் மனோஜ்குமார், சொந்த ஊர் காங்கேயம், இங்கே மாட்டு டாக்டர். போன மாசியில் இவர்கள் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது, காலையிலிருந்து பொழுது சாயும் வரை கட்டுத்தரையிலேயே கிடந்து தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தவன். அன்றைக்கு அவனுக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்தவள் லோகப்பிரியா. மீதியைச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாம் முடிந்து சென்னிமலை திருநீற்றுத் தட்டை நீட்டினார். "எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். வந்தது வினை.

"ரெண்டு உசுரக் காப்பாத்துன பையனுங்க. சாமி கும்புடலீன்னா என்னங்க?" என்று நாச்சியம்மாள் கேட்டுப் பார்த்தாள்.

"அதை ஆத்தாளே சொல்லட்டும் அம்மணி. வெள்ளிக்கிழமை மாகாளியம்மங் கோயில்ல பூவு கேட்டுப்போடலாம்."

பூக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று வந்து ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் பையன் வந்த வழியே போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலில் கூடினார்கள். பூ மடிப்பது குடும்பத் தலைவரின் வேலை. சென்னிமலை முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு பொட்டலத்தையும் மடித்துப் பூசாரியின் தட்டில் வைத்தார். எடுப்பதற்குப் பக்கத்து வீட்டு ரித்திகா தயாராக நின்றாள். நாலு வயசு. அவள் கண்ணெல்லாம் பொங்கல் பாத்திரத்தின் மேல்தான்.

லோகப்பிரியா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பையன் தூண் ஓரமாக, செருப்பை வெளியே விட்டுவிட்டு அடக்கமாக நின்றான்.

பூசாரி கற்பூரம் காட்டினார்.

"பாரு, கையக்கூடக் கூப்பாம நிக்கறான். இவனெல்லாம் யோக்கியனா இருப்பானா?" என்று சென்னிமலை மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

நாச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சொல்லக் கூடாது என்றிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, நேத்து அந்தத் தம்பிக்கு நான் போன் பண்ணுனனுங்க. பூசாரிகிட்டச் சொல்லி, நீங்க வெக்கற பொட்டலத்த மாத்தி, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுரச் சொல்றேன்னேன்."

சென்னிமலை திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கத்தாதீங்க. நான் செய்யலீங்க. செய்ய விடலீங்க அந்தத் தம்பி."

"என்ன சொன்னான்?"

"'வேண்டாமுங்க அத்தை. மாமா அதை நம்பறாருங்க. அவரு நம்பற எடத்துல நாம பொய் பண்ணக் கூடாதுங்க. சிவப்பு வந்தா வந்துட்டுப் போகுது, அடுத்த வருசம் மறுக்கா வந்து கேக்கறனுங்க'ன்னு சொல்லிப்போட்டு போனை வெச்சுருச்சு."

சென்னிமலையின் முகம் செத்துப்போனது. அப்படி ஒரு முகத்தை முப்பது வருஷத்தில் நாச்சியம்மாள் பார்த்ததில்லை. தன் மேல்தான் கோபம் என்று நினைத்துப் பயந்தாள்.

ரித்திகா தட்டில் கை வைக்கப் போனாள்.

"கண்ணு, சித்த இரு சாமி" என்று அவர் பாய்ந்து வந்தார். இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மனைவி கையில் திணித்தார். "நூலு சரியாச் சுத்தலீங்க பூசாரி. வேற கட்டோணும்." கூடையிலிருந்து ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் எடுத்து நேரே தூணிடம் போனார்.

"நீங்க கட்டுங்க மாப்ள."

மாப்ள! லோகப்பிரியா நகத்தை மறந்தாள்.

"அவருதான் சாமி இல்லைங்கறவராச்சேங்க. அவரு கட்டுனாச் செல்லுங்களா?" என்று பூசாரி இழுத்தார்.

"அவரு கட்டுனாத்தானுங்க செல்லும்."

மனோஜ்குமார் ஒன்றும் புரியாமல், கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போடுகிற கவனத்தோடு இரண்டையும் கட்டினான். எது எதுவென்று தனக்கே தெரியக் கூடாதென்று கண்ணை மூடிக் குலுக்கித் தட்டில் வைத்தான். சென்னிமலை கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். "வெள்ளை, ஆத்தா, வெள்ளை" என்று அவர் உதடு அசைவதைப் பார்த்து நாச்சியம்மாளுக்கு மயக்கமே வந்துவிட்டது.

ரித்திகா ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

லோகப்பிரியா அழுதாள், சிரித்தாள். ரித்திகாவுக்கு முதல் பொங்கல் கிடைத்தது. சென்னிமலை மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு, அவர் போடும் சத்தத்தில் கோயில் மணி கேட்காத அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

நாச்சியம்மாள் கையில் பழைய பொட்டலங்கள் இருந்தன. நூல் இறுக்கமாகத்தான் சுற்றியிருந்தது. ஒன்றைப் பிரித்தாள். சிவப்பு.

மற்றதையும் பிரித்தாள். அதுவும் சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். சென்னிமலை பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் குரல் தணிந்திருந்தது.

"அதைக் கண் காணாமப் போட்டுரு அம்மணி. அது சாமியை நம்பறவன் கட்டுனது."