மூன்றாம் நாள் உபவாசம்

புத்தாண்டு உபவாச ஜெபத்தின் மூன்றாம் நாள். ஜன்னல் வழியே விழும் பதினொரு மணி வெயிலில், முழங்காலிட்டிருக்கும் மருமகளின் உதடு காய்ந்து வெடித்திருப்பது தெரிகிறது. மாமியார் மைக்கை வாங்குகிறாள். "ஆறு வருஷமா ஆண்டவர் இவ கர்ப்பத்த அடைச்சு வெச்சிருக்காரு. என்ன பாவம் பண்ணாளோ! எம்பிள்ளைக்கு ஒரு வாரிசு இல்ல. எல்லாரும் இவளுக்காக ஜெபிங்க." சபை மொத்தமும் திரும்பி அவள் வயிற்றைப் பார்க்கிறது. மைக் கீச்சிடுகிறது. அவள் தலைநிமிர்ந்து, ஆண்கள் பக்கம் இருக்கும் கணவனைத் தேடுகிறாள். குறை அவனிடம்தான் என்று டாக்டர் சொன்ன அன்று, "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், உன் கால்ல விழுறேன்" என்று அழுதவன் அவன். போதகர் அவள் உச்சந்தலையில் கைவைத்து அழுத்துகிறார். "இந்த மகளின் பாவத்தை மன்னியும், ஆண்டவரே!" கணவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, இரு கைகளையும் உயர்த்தி, எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்கிறான்.