பிடுங்கிய பிளக்

பக்கத்து வீட்டுக் குணசீலனுக்கும் அவர் மனைவி மேகலாவுக்கும் பேச்சு நின்று மூன்று மாதம். அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் காயலான் கடையில் போடச் சொல்லிவிட்டாளாம். அதற்குத்தான் இத்தனை ரோஷம். அன்றிலிருந்து அவரும் அதைத் தொடவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட ஜன்னலில் நிற்கும் என் மூலம்தான் கேட்டுக்கொள்வார்கள்.

இன்று மத்தியானம் அவர் அதை மேசையில் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். எந்தக் கண்டன்சர் உப்பியிருக்கிறது, எது கசிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை ஆளைத் தூக்கியடிக்கிற அளவு கரண்டைப் பிடித்து வைத்திருக்கலாம். எப்போதும் அந்தக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார். மூன்று மாதம் சும்மா கிடந்ததில் என்ன இருந்துவிடும் என்று இன்று நேராக விரலை நீட்டினார்.

மேகலாவுக்கு முகம் வெளுத்தது. அவர் வெளியே போனதும் அவள் அதில் தினமும் பாட்டுக் கேட்பது, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குத் தெரியாதா? காலையில்கூட ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாட்டு பாதியில் நின்றதே.

“அக்கா, தொட வேணாம்னு சொல்லுங்க. அது காலையில ஓடிச்சு.”

விரல் நின்றது. அவர் திரும்பவில்லை.

“யாரு போட்டாங்கன்னு கேளுங்கக்கா.”

இந்தக் கேள்வியை நான் எப்படிக் கொண்டுபோவது? விரல் மறுபடியும் மெல்லக் கீழே இறங்கியது.

ஜன்னல் பக்கமே பார்க்காமல் மேகலா ஓரடி முன்னால் வந்து, “ஏங்க…” என்றாள்.