பாடி லிஃப்ட் போதும்

“பாடியை மட்டும் தூக்கணுமா, சஸ்பென்ஷனோட தூக்கணுமா?” என்று மெக்கானிக் உதுமான் கேட்டதும், என் மகன் திரும்பி என்னைப் பார்த்தான்.

கேள்வி வண்டியைப் பற்றியது. பார்வை எதற்கு?

இப்படி ஏதாவது கண்ணில் படும் என்றுதான் செம்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு நானும் ஏறி வந்திருந்தேன்.

மகன் மாரிசெல்வம் சனிக்கிழமை ஆனால் ஜீப்பை எடுத்துக்கொண்டு கர்ஜத் மலைப்பக்கம் போகிறான். பாறையிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுகிற நண்பர் கூட்டம் இருக்கிறதாம். திரும்பி வரும்போது சக்கரத்தில் ஒரு சிட்டிகை மலைமண் இருப்பதில்லை.

அடுத்த வாரம் அவனுக்கு நிச்சயம். பெண் பாண்டுப்பில். வாக்குக் கொடுத்தது நான்.

தாராவியில் எங்கள் ஆட்களுக்குள் எந்தச் சம்பந்தம் முறிந்தாலும் பேசித் தீர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுச் சம்பந்தத்தைப் பேச இன்னொருவன் வந்து நாற்காலி போட்டு உட்காரக் கூடாது.

உதுமானுக்குப் பூர்வீகம் மேலப்பாளையம். என்னை மாமா என்பான்.

“கேளுங்க மாமா. பாடி லிஃப்ட்டுன்னா சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டை வச்சு ஏத்துறது. பார்க்க வண்டி உசரமாத் தெரியும். என்ஜின் இருந்த இடத்துலயேதான் கிடக்கும். சஸ்பென்ஷன்னா ஸ்பிரிங்கை மாத்தி மொத்தமாத் தூக்குறது. மலைக்குப் போறவன் அதைத்தான் போடுவான்.”

“அப்ப அதையே போடு,” என்றேன்.

“வேண்டாம்ப்பா. பாடி லிஃப்ட் போதும். ஸ்பிரிங்கை மாத்தினா குலுக்கும்லா?”

“கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். உனக்கென்னல, கல்யாண மாப்பிள்ளைக்கு அதுக்குள்ள இடுப்பு வலியா?” உதுமான் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. பாறைமேல் வண்டி ஏற்றுகிறவன் குலுக்கலுக்கு அஞ்சுவானா?

“முழங்கால் தண்ணியில போவுமாண்ணே?” என்றான் மாரிசெல்வம்.

“பாடியை மட்டும் தூக்கினா சீட்டு நனையாது. என்ஜினுக்குள்ள தண்ணி பூந்துரும். ஆளு தப்பிச்சுரும், வண்டி செத்துரும்.”

“ஆளு தப்பிச்சாப் போதும்ணே.”

மலைச்சரிவில் முழங்கால் தண்ணீர் எங்கே நிற்கிறது? அது நிற்பது மழைக்காலத்துச் சந்துகளில்.

எந்த ஆள்?

உதுமான் வண்டிக்கடியில் நகர்ந்து படுத்தான். அங்கிருந்தே குரல் வந்தது. “ஏல, இது மலைக்குப் போன வண்டியா? அடியில ஒரு கீறல் இல்ல. மாமியார் வீட்டுல காட்டவா வச்சிருக்க?”

மாரிசெல்வம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல்பக்கம் போனான். போன் அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தவர் பெட்டியைத் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து டாஷ்போர்டைத் திறந்தேன்.

மராத்தி நாளிதழில் சுற்றிய பொட்டலம். உள்ளே கண்ணாடி வளையல்கள். சிவப்பும் பச்சையும்.

“யாருக்குல இது?”

ஓடி வந்தான். “பார்த்துப்பா, உடைஞ்சுரும்.”

அப்பனின் கோபத்தைவிட வளையல் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது. காகிதத்தை முழுக்கப் பிரித்தேன்.

வளையல்களுக்கு நடுவில் ஒரு வேப்பங்குச்சி இருந்தது. வளைத்து, மஞ்சள் நூலால் கட்டியிருந்தது. வளைகாப்பு அன்று மற்ற எல்லா வளையலுக்கும் முன்னால் கையில் ஏறுவது அது. வேறு எதற்கும் யாரும் வேப்பங்குச்சியை வளைப்பதில்லை.

ஒரு பெண் மட்டுமில்லை, அவள் வயிற்றில் ஒரு பிள்ளையும். பாண்டுப் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

“அக்காவுக்குப்பா,” என்றான்.

உதுமானின் ஸ்பேனர் சத்தம் நின்றது.

“ஏழாம் மாசம். கோவண்டியில இருந்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். உடம்பு குலுங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வலி வாரப்ப மழை பிடிச்சிருக்கும். அந்தச் சந்துல தண்ணி ஏறுனா ரிக்‌ஷா வராதுப்பா.”

அவள் தன் விருப்பத்துக்கு ஒருவனோடு போன நாளிலிருந்து என் வீட்டில் அக்கா என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றது நான். பாண்டுப் வீட்டாரிடம்கூட எனக்கு ஒரே பிள்ளை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வேப்பங்குச்சியைக் கையில் எடுத்தேன். நூலில் இரட்டைச் சுற்று. முனை வெளியே தெரியாமல் உள்ளே சொருகியிருந்தது. பேராச்சி பூக்கட்டி முடிக்கும்போது போடுகிற முடிச்சு.

என் மனைவி.

மகன் போகிற வழியையே கண்காணித்துக்கொண்டிருந்துவிட்டேன். அடுப்படிப் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

உதுமான் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தான். எதுவும் கேட்காதவனைப்போலக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“முடிவாச் சொல்லுங்க மாமா. பாடியா, சஸ்பென்ஷனா?”

வளையல்களை ஒன்றோடொன்று இடிக்காமல் காகிதத்தில் சுற்றினேன். மாரிசெல்வம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எதையும் தூக்காத. இப்பவே ஏறுறதுக்கு உசரமாத்தான் இருக்கு. அந்த உடம்போட இதுக்கு மேல எப்படி ஏற?”

“அப்ப மழை வந்தா…” என்று இழுத்தான் மகன்.

நான் அவனைப் பார்க்கவில்லை. உதுமானிடம்தான் சொன்னேன்.

“மழைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும். எங்க வீட்டுப் பொண்ணு எவளும் தலைப்பிரசவத்தை வெளிய பார்த்ததில்ல.”