வேனுக்கு அடியில்

குழந்தை வீறிட்டபோது தையல்காரன் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தான்.

கையில் ஸ்பேனர். முதுகுக்குக் கீழே பழைய போர்வை. முகத்துக்கு ஒரு சாண் மேலே ஏதேதோ குழாய்கள்.

வேனுக்குள் நாயின் நகங்கள் தரையில் பரபரவென்று பிராண்டுவது கேட்டது. அடுத்த நொடி அது வெளியே குதித்து ஓடிவந்து அவன் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. தெருவில் யார் வீட்டுக் கதவு திறந்தாலும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். குழந்தை அழுதால் ஆளைக் கூட்டிக்கொண்டு போவதும் அது தானாகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம்தான்.

வழக்கமாக அவன் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடுவான்.

இன்றைக்கு அசையவில்லை. மேனேஜரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"கை பூரா கிரீஸ்மா! நீ கொஞ்சம் பாரேன்!" என்று வேனுக்குள் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தான்.

அழுகை நிற்கவில்லை.

பிரசவம் அவன் மனைவியைப் படாதபாடு படுத்திவிட்டது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் குழந்தை மற்றவர்கள் கைக்குப் பழகிப்போயிருந்தது. அவன் அம்மா குளிப்பாட்டினாள், அவள் அம்மா பால் புகட்டினாள், அவன் அக்கா தூங்க வைத்தாள். வந்துபோன சொந்தமெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனது. ஒருநாள் அவள் ஆசையாகத் தூக்கப்போக, பார்த்து, தலை தலை என்று வீடே கத்தியது. அன்றோடு தூக்குவதை விட்டுவிட்டாள்.

என் கையில் இருந்தால் விழுந்துவிடும் என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சும் குறைந்துபோனது.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் கூட்டத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா பாருங்கள் என்றும் சொன்னார். பெற்ற தாயையும் கூடப் பிறந்தவளையும் போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் தாங்களே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்து, கடையைப் பூட்டி, மச்சானின் கேம்பர் வேனை இரவல் வாங்கினான். கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். யோசனை சொல்ல மட்டும் ஆள் கிடையாது.

ஆனாலும் ஒன்றும் மாறவில்லை. அவள் ஜன்னலோரம் மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவன்தான் பின்னால் ஓடினான். பால் கலக்கினான், துணி மாற்றினான், தோளில் போட்டுத் தட்டினான். ஓடுவதற்கு ஒரு ஆள் இருக்கும்வரை இன்னொரு ஆள் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு நேற்றுத்தான் புரிந்தது.

அதனால் இன்று காலை, ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டு அடியில் புகுந்துகொண்டான்.

அழுகை ஏறிக்கொண்டே போனது. நடுவில் மூச்சுப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போய், மறுபடி வெடித்தது. எங்கே எழுந்து ஓடிவிடுவோமோ என்ற பயத்தில் ஸ்பேனரால் கைக்குக் கிடைத்த குழாயைத் தட்ட ஆரம்பித்தான்.

மேனேஜர் அவனை ஒரு பார்வை பார்த்தது. இப்படியும் ஒரு தகப்பனா என்கிற பார்வை.

தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. ஓரடி. நின்றது. இன்னும் ஓரடி.

பிறகு அழுகை இடம் மாறியது.

கட்டில் இருந்த பின்பக்கத்தை விட்டு நடுவுக்கு வந்தது. அடுப்பைத் தாண்டியது. கதவுப் பக்கம் வருவதற்குள் விக்கலாகத் தேய்ந்துவிட்டது. விழமாட்டே, விழமாட்டே என்று ஒரு குரல் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. குழந்தைக்குச் சொன்னாளோ, தனக்கே சொல்லிக்கொண்டாளோ.

அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

வேனின் படியில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கின. அவள் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் தோளில், அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தபடி, அழுது சிவந்த ஒரு குட்டி முகம்.

"அது சைலன்சருங்க. அதைத் தட்டிக்கிட்டே இருந்தா என்ன சரியாகும்? இன்னும் சூடா இருக்கும், கைய வெச்சுத் தொலைக்காதீங்க."

இத்தனை வார்த்தை அவள் சேர்ந்தாற்போல் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவன் உருண்டு வெளியே வந்து, பழக்கதோஷத்தில் குழந்தைக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தோளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். மேனேஜர் அவனை அம்போவென்று விட்டுவிட்டு அவள் பின்னால் போனது.

அவன் டயரில் சாய்ந்து உட்கார்ந்தான். சிரிப்பு வந்தது. கண்ணும் சேர்ந்து நிறைந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னான்.

அப்புறம்தான் அவனுக்குச் சுருக்கென்றது.

வயிற்றில் பிள்ளை வரும்வரை அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். அவனுக்கே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். வீட்டுக்குள் இருந்தபடியே, தெருவில் போகிற வண்டிக்கு என்ன கோளாறு என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். இத்தனை நாளாக எதையுமே காதில் வாங்காமல் இருந்தாளே என்ற தைரியத்தில்தான் அவன் சத்தம் வருகிறது என்று அளந்துவிட்டான்.

அவன் வண்டியை நிறுத்திய நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கும், அது பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது என்று.

தெரிந்துதான் குழந்தையிடம் எழுந்து போயிருக்கிறாள்.